முதல் பாகத்தில் எடுத்த முடிவு மூன்றாம் பாகத்துக்கு எப்படிப் போகிறது? ஆர்.பி.ஜி. தொடர்கள் பற்றிய கேள்வி-பதில்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் ஆர்.பி.ஜி. (ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் கேம்) ஆடுகிறவர்களும், சொந்தமாகச் சின்ன கேம் செய்து பார்க்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலான பதில்கள் கணினியில் ஆடுகிறவர்களுக்கானவை. கன்சோலுக்குத் தனியாக ஒரு பதில் உண்டு. கதையின் திருப்பங்கள் சில வெளிப்படும், அதைத் தவிர்க்க வழியில்லை.

அடுத்த பாகம் என் பழைய சேவிலிருந்து (ஆட்டத்தைச் சேமித்த ஃபைலிலிருந்து) எதை எடுத்துக்கொள்கிறது?

நினைப்பதைவிட மிகக் கொஞ்சம்தான். நீங்கள் நின்ற இடம், பையில் இருந்த பொருள்கள், பாதியில் விட்ட பணிகள் எதுவும் வராது. வருவது மூன்று வகை: பாத்திரத்தின் முகமும் பெயரும், லெவலுக்கு ஏற்ற சிறு ஊக்கத்தொகை, கதைக் குறிகளின் பட்டியல். கதைக் குறி என்றால், மாஸ் எஃபெக்ட் தொடரில் 'கூட்டாளி ரெக்ஸ் உயிரோடு இருக்கிறாரா', 'விண்வெளி இனங்களை ஆளும் கவுன்சில் காப்பாற்றப்பட்டதா' என்பது போன்ற ஆம்-இல்லை விடைகள். இப்படி ஆயிரம் விடைகளைச் சேர்த்து வைத்தாலும் 125 பைட்தான் ஆகும். ஒரு முடிவைச் சேமித்து வைப்பதற்குச் செலவே கிடையாது. அந்த முடிவை அடுத்த பாகத்தில் காட்சியாகவும் வசனமாகவும் குரலாகவும் ஆக்குவதில்தான் பணமும் காலமும் கரைகின்றன. ஒரு தொடர் உங்கள் முடிவை மறந்துவிட்டது என்றால் காரணம் அநேகமாக இதுதான்.

எல்லாத் தொடர்களும் சேவ் ஃபைலைத்தான் படிக்கின்றனவா?

இல்லை. சேவ் ஃபைலை நேராகப் படிப்பது பழைய வழி. 1982-இல் வந்த விசார்ட்ரி இரண்டாம் பாகத்தை ஆட முதல் பாகத்தில் வளர்த்த பாத்திரங்களே தேவைப்பட்டன. 1998-இல் வந்த சுய்கோடன் இரண்டாம் பாகம், மெமரி கார்டில் முதல் பாகத்தை முடித்த சேவ் இருந்தால் முதல் கதையின் நாயகனையே கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ள விட்டது. மாஸ் எஃபெக்ட் முத்தொகுதி (2007, 2010, 2012) இந்த வழியை எல்லாரையும்விடத் தூரம் கொண்டுபோனது.

இரண்டாவது வழி, ஆடுகிறவரையே கேட்டுவிடுவது. விட்சர் மூன்றாம் பாகத்தில் விஸிமா அரண்மனையில் மோர்வ்ரான் வூர்ஹிஸ் கேட்கும் கேள்விகள் அப்படிப்பட்டவை. பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி இரண்டாம் பாகம் (2018) பழைய சேவ் ஃபைலையும் ஏற்கும், இல்லாவிட்டால் வரலாற்றை நீங்களே அமைத்துக்கொள்ளவும் விடும். எங்கள் கணிப்பில் ஆடுகிறவருக்கு மிகவும் நியாயமான ஏற்பாடு அதுதான்.

மூன்றாவது, முடிவுகளைச் சர்வரில் வைப்பது. டிராகன் ஏஜ் கீப் அந்த வகை.

மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷனில் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும்?

முதல் பாகத்தைக் கடைசிச் சண்டை வரை முடித்து, கடைசிக் காட்சியையும் ஓடவிடுங்கள். முடித்தபின் கேம் தானாகவே ஒரு சேவ் போடும், இரண்டாம் பாகம் தேடுவது அதைத்தான். பெயர்கள் ஓடும்போது சலிப்பில் கணினியை அணைத்தால் அந்தச் சேவ் விழாமலே போகலாம். மெயின் மெனு வரும் வரை பொறுங்கள்.

பிறகு டாகுமென்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பயோவேர், மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷன், சேவ் என்று வரிசையாக உள்ளே போங்கள். மூன்று பாகத்துக்கும் தனித்தனி ஃபோல்டர் இருக்கும். முழு சேவ் ஃபோல்டரையும் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்த பிறகு இரண்டாம் பாகத்தைத் தொடங்கி, புது ஆட்டத்தில் இம்போர்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் பாகத்தின் கடைசிப் பணியில் நீங்கள் ஆடும் பாத்திரமான ஷெப்பர்டு செத்துவிட்டால் அந்தச் சேவ் மூன்றாம் பாகத்துக்குச் செல்லாது. ஷெப்பர்டு பிழைக்கக் கூட்டாளிகளில் குறைந்தது 2 பேர் பிழைக்க வேண்டும். அந்தப் பணி முடிந்த பிறகும் இரண்டாம் பாகத்தைத் தொடர்ந்து ஆடலாம். விட்டுப்போன துணைக் கதைகளை முடித்துவிட்டு மூன்றாம் பாகத்துக்குப் போனால் அவையும் கணக்கில் வரும்.

இன்னொரு செய்தி, டேட்டா கார்டில் டவுன்லோடு செய்கிறவர்களுக்கு. லெஜண்டரி எடிஷனுக்கு 120 ஜிபி இடம் வேண்டும், சேவ் ஃபோல்டர் அதில் ஒரு துணுக்குதான். இடம் இல்லையென்று கேமை நீக்கினாலும் சேவை விட்டுவைத்தால் போதும், ஒரு வருடம் கழித்து மறுபடி இறக்கி விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ரெக்ஸைக் காப்பாற்றினேன். இரண்டாம் பாகத்தில் அவர் செத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஏன்?

உங்கள் சேவ் ஏறவில்லை. இம்போர்ட் இல்லாமல் தொடங்கினால் இரண்டாம் பாகம் தனக்கென ஒரு வரலாற்றை வைத்துக்கொள்கிறது: ரெக்ஸ் இறந்தார், ராக்னை என்ற பூச்சியினத்தின் ராணி இறந்தாள், கவுன்சில் அழிந்தது, உடினா மனிதர்களின் கவுன்சிலர் பதவியில் இருக்கிறார். விர்மைர் கிரகப் பணியில், கூட்டாளிகளில் ஆண் ஷெப்பர்டுக்குக் கெய்டனும் பெண் ஷெப்பர்டுக்கு ஆஷ்லியும் இறந்ததாக எடுத்துக்கொள்ளும். ஏறக்குறைய எல்லாமே கெட்ட விடைகள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் இந்த அடையாளங்களில் இரண்டைப் பார்த்தாலே நிறுத்திவிட்டு மறுபடி இம்போர்ட் செய்யுங்கள்.

சேவ் ஏறாததற்கு நாங்கள் அடிக்கடி பார்க்கும் காரணங்கள் இரண்டு. ஒன்று, விண்டோஸ் டாகுமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவுக்குள் மாற்றி வைத்திருப்பது. பழைய சேவ் ஓரிடத்தில் கிடக்கும், கேம் வேறிடத்தில் தேடும். இரண்டு இடத்தையும் திறந்து பார்த்து, கேம் புதிதாக ஃபைல் எழுதும் இடத்துக்குப் பழையதை நகலெடுங்கள். மற்றொன்று, விண்டோஸில் யூசர் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்திருப்பது. அந்தப் பெயரிலேயே ஃபோல்டர் உருவாகும், பழைய கேம்கள் பல அந்தப் பாதையைப் படிக்கத் தடுமாறும். செட்டிங்ஸில் காட்சிப் பெயரை மாற்றினால் ஃபோல்டரின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் புது யூசர் கணக்கு ஒன்று உருவாக்கி, சேவை அங்கே கொண்டுபோய் ஆடுவதே சுத்தமான வழி.

முத்தொகுதியைச் சேவ் இல்லாமல் ஆட விரும்பினால், இரண்டாம் பாகத் தொடக்கத்தில் ஜெனிசிஸ் என்ற படக்கதை உண்டு. முதல் பாகத்தின் 6 பெரிய முடிவுகளை அதில் தேர்ந்தெடுக்கலாம். சின்னச் சின்ன முடிவுகள் அதில் வராது.

ஒரு முடிவு இரண்டு பாகம் தாண்டி எப்படி எடை பெறுகிறது? ஒரு உதாரணம் வேண்டும்.

மூன்றாம் பாகத்தில் ரன்னாக் கிரகத்தில் குவேரியன் இனத்துக்கும் அவர்கள் உருவாக்கிய கெத் என்ற இயந்திர இனத்துக்கும் சமாதானம் செய்து வைக்கும் கட்டம். ஆடுகிறவர் பார்ப்பது ஒரு பேச்சுவார்த்தை. உள்ளே ஓடுவது ஒரு கூட்டல் கணக்கு, 5 புள்ளி தேறினால்தான் சமாதானத்துக்கான வசனமே திறக்கும்.

இரண்டாம் பாகத்தில் கிளர்ச்சிக் கெத்களின் நிரலை மாற்றி எழுதாமல் அவற்றை அழித்திருந்தால் 2 புள்ளி. குவேரியன் கூட்டாளியான டாலியை நாடு கடத்தவிடாமல் விசாரணையை முடித்திருந்தால் 2 புள்ளி. கப்பலில் டாலிக்கும் கெத் கூட்டாளியான லீஜியனுக்கும் நடக்கும் சண்டையை இருவர் மனமும் கோணாமல் தீர்த்திருந்தால் 1 புள்ளி. மீதியை மூன்றாம் பாகத்தில் அட்மிரல் கோரிஸ் பணி தரும். இதோடு இருவரும் உயிரோடு இருக்க வேண்டும், கெத் போர்விமானப் பணியை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும், பேச்சுத் திறனும் போதுமான அளவு ஏறியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் நாங்கள் மதிப்பது, எந்த ஒரு தவறும் தனியாக உங்களைத் தோற்கடிப்பதில்லை என்பதைத்தான். அங்கே இங்கே சறுக்கியிருந்தாலும் வேறிடத்தில் ஈடுகட்ட இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் டாலியும் நாடு கடத்தப்பட்டு, கிளர்ச்சிக் கெத்களும் மாற்றி எழுதப்பட்டிருந்தால், மூன்றாம் பாகத்தில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பயனில்லை. சேவே இல்லாமல் நேராக மூன்றாம் பாகத்தைத் தொடங்கியவருக்கு லீஜியனே வராது, அதன் இடத்தில் ஒரு பொது கெத் நிற்கும். சமாதானமும் கிடையாது.

டிராகன் ஏஜ் இன்க்விசிஷன் ஏன் என் பழைய சேவைக் கேட்கவே இல்லை?

2009-இல் வந்த முதல் பாகமான ஆரிஜின்ஸிலிருந்து 2011-இல் வந்த இரண்டாம் பாகத்துக்குச் சேவ் நேராகப் போனது. 2014-இல் இன்க்விசிஷன் வந்தபோது இன்ஜினும் மாறியிருந்தது, கன்சோல் தலைமுறையும் மாறியிருந்தது. அதனால் டிராகன் ஏஜ் கீப் என்ற தளத்தில் முந்தைய கதைகளின் முடிவுகளை நீங்களே குறித்து, அந்த உலக நிலையைச் சர்வருக்கு ஏற்றுமதி செய்துவிட்டு, புது ஆட்டம் தொடங்கும்போது இறக்கிக்கொள்ள வேண்டும். பலர் குறிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், ஏற்றுமதிப் பொத்தானை அழுத்துவதில்லை. அப்போது வழக்கமான உலகம்தான் வரும். ஆட்டம் தொடங்கிய பிறகு மாற்றவும் முடியாது. அந்த ஒரு நேரத்துக்கு இன்டர்நெட் கட்டாயம்.

கீப் வழியாக வந்த முடிவுகள் பேசும் இடங்கள் அழகானவை. கிரே வார்டன்கள் என்ற வீரர் குழுவைப் பற்றிய பகுதியில் உங்களோடு வருகிறவர் அலிஸ்டரா, லோகெய்னா, ஸ்ட்ரௌடா என்பது முதல் பாகத்தில் யாரை என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அலிஸ்டரைக் காப்பாற்ற முதல் பாகத்தில் பாடுபட்டவருக்கு அந்தப் பகுதியின் கடைசி முடிவு மிகவும் வலிக்கும்.

மீறல்களும் உண்டு. முதல் பாகத்தில் கூட்டாளி லெலியானாவைக் கொல்ல வழியிருக்கிறது, இருந்தும் அடுத்த பாகங்களில் அவர் உயிரோடு வருகிறார். கதைக்கு அவர் தேவைப்பட்டார். 2024-இல் வந்த நான்காம் பாகமான வெயில்கார்டு கீப்பையே பயன்படுத்தவில்லை. இன்க்விசிஷனிலிருந்து மூன்றே முடிவுகளைக் கேட்கிறது: காதல் யாரோடு, படையைக் கலைத்தீர்களா, பழைய கூட்டாளி சோலாஸை எப்படி எதிர்கொள்ள உறுதி எடுத்தீர்கள். பதினைந்து ஆண்டு கூடவே வந்தவர்களுக்கு அது போதாது என்பது எங்கள் கருத்து.

விட்சரில்?

இரண்டாம் பாகத்தின் சேவ் கணினியில் மட்டுமே மூன்றாம் பாகத்துக்குப் போகும். டாகுமென்ட்ஸில் விட்சர் 2 ஃபோல்டருக்குள் கேம்சேவ்ஸ் இருக்க வேண்டும். சேவ் இல்லாதவர்கள் புது ஆட்டத்தில் 'விட்சர் 2 சேவைப் பாவனை செய்' என்ற வசதியை இயக்கினால் போதும், அரண்மனையில் ஐந்து கேள்வி வரும். அவற்றில் கவனம் தேவைப்படுவது இரண்டாம் பாகத்தின் எதிரி லெத்தோ பற்றியது. அவரைக் கொல்லவில்லை என்று சொன்னால் வெலன் பகுதியில் அவரைச் சந்தித்து, பின்னால் கேர் மோர்ஹன் கோட்டைக்கு வரவழைக்கலாம். ரோஷ், இயோர்வெத் இருவரில் யார் பக்கம் நிற்பது என்ற தேர்வு இரண்டாம் பாகத்தையே இரண்டாகப் பிளந்தது. மூன்றாம் பாகத்தில் இயோர்வெத் தலைகாட்டுவதே இல்லை.

கன்சோலை விற்கப் போகிறேன். சேவை எப்படி எடுத்து வைப்பது?

பிஎஸ் 4-இல் செட்டிங்ஸில் சேவ் டேட்டா நிர்வாகத்துக்குப் போய் யுஎஸ்பி-யில் நகலெடுக்கலாம். பிஎஸ் 5-இல் ஒரு வேறுபாடு உண்டு. பிஎஸ் 4 கேம்களின் சேவை மட்டும் யுஎஸ்பி-யில் எடுக்க முடியும், பிஎஸ் 5 கேம்களின் சேவுக்குக் காசு கட்டிய பிளஸ் கணக்கின் கிளவுட்தான் வழி. லெஜண்டரி எடிஷன் பிஎஸ் 4 கேம் என்பதால் யுஎஸ்பி போதும். கடைக்காரர் முன்னால் அவசரமாக இனிஷியலைஸ் செய்துவிட்டால் எல்லாம் போய்விடும், வீட்டிலேயே முடித்துக்கொண்டு போங்கள்.

சேவ் உங்கள் கணக்கோடு கட்டப்பட்டது. அண்ணன் கணக்கில் முடித்த சேவைத் தம்பி தன் கணக்கில் திறக்க முடியாது. ஒரே வீட்டில் இருவர் ஆடுவதாக இருந்தால் முதல் நாளே தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கரன்ட் போய் சேவ் கெட்டுவிட்டது. மீட்க முடியுமா?

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. ஆட்டோசேவ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் ஃபைல் பாதியில் நிற்கும், சில சமயம் அளவு 0 என்று காட்டும். அப்போது முதல் வேலை இன்டர்நெட்டைத் துண்டிப்பது. கேமையோ ஸ்டீமையோ திறக்காதீர்கள், திறந்தால் கெட்ட ஃபைல் கிளவுடில் ஏறி நல்லதை அழிக்க வாய்ப்பு உண்டு. சேவ் ஃபோல்டரை அப்படியே வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு, கெட்ட ஃபைலை மட்டும் நீக்கி, அதற்கு முந்தைய சேவிலிருந்து தொடங்கிப் பாருங்கள். பிறகு நெட்டை இணைக்கும்போது கிளவுடா கணினியா என்று ஸ்டீம் கேட்டால், இரண்டின் தேதியையும் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் போதாது. மாறும் அந்தக் கணத்தில் சில கணினிகள் ரீஸ்டார்ட் ஆகும். கணினிக்கென ஒரு சிறிய யுபிஎஸ் தேவை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு முன்தினமே வந்துவிடும், அன்று கடைசிப் பணியைத் தொடங்க வேண்டாம்.

சர்வீஸ் கடையில் 'ஃபார்மட் போடணும்' என்றால், 'டி டிரைவ் இருக்கு, பயப்படாதீங்க' என்பார்கள். சேவ் இருப்பது சி டிரைவில், டாகுமென்ட்ஸில். சொல்லாவிட்டால் போய்விடும்.

தொலைந்த முடிவுகளைச் சேவ் எடிட்டரில் திருத்துவது தவறா?

தவறே இல்லை. நீங்கள் முன்பு உண்மையாக எடுத்த முடிவைத் திரும்ப எழுதிக்கொள்கிறீர்கள், தனி ஆட்டத்தில் யாருக்கும் நட்டமில்லை. ஒரே எச்சரிக்கை: ஒரு முடிவுக்கு ஒரு குறி என்று இருக்காது. ஒருவரை உயிர்ப்பிக்க 'இறந்தார்' என்பதை அணைத்தால் மட்டும் போதாது, 'படையில் இருக்கிறார்', 'விசுவாசம் பெற்றார்' என்பவையும் பொருந்த வேண்டும். பாதி மாற்றினால் ஒரு காட்சியில் பேசுகிறவர் அடுத்த காட்சியில் கல்லறையில் இருப்பார். நகல் எடுத்துவிட்டுத் தொடுங்கள்.

கடைமடை ஊர் ஒன்றைக் களமாக வைத்து இரண்டு பாகக் கேம் செய்கிறோம். முடிவுகளை எப்படிச் சேமிப்பது?

முதல் பாகத்தில் நாயகி நீர்ப்பங்கீட்டுக்குப் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். மேட்டூர் திறந்து தண்ணீர் வருகிறது, அளவு குறைவு. முறை வைத்து எல்லா மதகையும் திறப்பதா, தலைமடையின் குறுவையை முதலில் காப்பதா, இரவில் மதகை உடைத்தவரைக் காட்டிக்கொடுப்பதா என்று மூன்று முடிவுகள்.

முதல் விதி, சேவ் ஃபைலையும் மரபுப் பதிவையும் (அடுத்த பாகத்துக்குப் போகும் முடிவுகளின் பட்டியல்) பிரித்து வையுங்கள். இரண்டாம் பாகத்துக்குப் போக வேண்டியது ஒரு சிறு ஃபைல் மட்டும். அதில் பதிப்பு எண், ஒவ்வொரு முடிவுக்கும் மாறாத எண், விடை. முடிவு 7 என்பது 'மதகை உடைத்தவர்' என்றால் அது என்றைக்கும் 7-தான். அந்தக் காட்சியை வெட்டிவிட்டாலும் 7-ஐ வேறெதற்கும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது விதிதான் பலர் சறுக்கும் இடம். விடை ஆம், இல்லை என்று இரண்டல்ல, மூன்று. 'காட்டிக்கொடுத்தாள்', 'மறைத்தாள்', 'அந்தக் காட்சிக்கே போகவில்லை'. கடைசியை 'மறைத்தாள்' என்று எடுத்துக்கொண்டால், உடைத்தவரைச் சந்திக்கவே இல்லாத ஆட்டக்காரரிடம் இரண்டாம் பாகத்தில் அவர் வந்து கண்கலங்க நன்றி சொல்வார்.

ரென்பை என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்தால் இதற்கென்றே மல்டிபெர்சிஸ்டென்ட் என்ற வசதி இருக்கிறது. ஒரே கணினியில் இரண்டு கேம்கள் தகவலைப் பகிர்ந்துகொள்ளும், எழுதாத புலம் வெறுமையாக வரும். அதையே மூன்றாவது விடையாக வைத்துக்கொள்ளலாம். மதிப்பை மாற்றியபின் சேவ் கட்டளையைக் கூப்பிட மறக்காதீர்கள், கூப்பிடாவிட்டால் வட்டில் எழுதப்படாது.

எங்கள் கேம் ஆண்ட்ராய்டில். ஒரு ஆப் இன்னொன்றின் ஃபைலைப் படிக்க முடியாதே?

முடியாது. ஆட்டத்தின் முடிவில் ஒரு குறியீட்டைத் திரையில் காட்டுங்கள், இரண்டாம் பாகத்தில் அதைத் தட்டச்சு செய்யட்டும். கோல்டன் சன் தொடர் 2002-இலேயே கேபிள் இல்லாதவர்களுக்கு இப்படிச் செய்தது. ஆனால் முழுத் தகவலும் வேண்டுமென்றால் 260 எழுத்து அடிக்க வேண்டியிருந்தது. நீங்கள் அவ்வளவு நீட்ட வேண்டாம்.

கணக்கு இது. 40 முடிவுகள், ஒவ்வொன்றுக்கும் 2 பிட், ஆக 80 பிட். பதிப்பு எண்ணுக்கு 5 பிட், பிழை சரிபார்க்க 15 பிட். மொத்தம் 100. ஆங்கிலப் பெரிய எழுத்து 26, இலக்கம் 10, அவற்றில் குழப்பும் ஓ, ஐ, பூஜ்யம், ஒன்று நான்கையும் நீக்கினால் மிச்சம் சரியாக 32 குறிகள். ஒவ்வொரு குறியும் 5 பிட் சுமக்கும். 20 எழுத்தில் முடிந்துவிடும். நான்கு நான்காக ஐந்து கட்டமாகக் காட்டுங்கள், பேப்பரில் எழுதி வைத்தால்கூடப் பிழை வராது. சரிபார்ப்பு பொருந்தாவிட்டால் 'குறியீட்டை மறுபடி பாருங்கள்' என்று சொல்லுங்கள். எதுவும் சொல்லாமல் வழக்கமான கதையைத் தொடங்கிவிடாதீர்கள்.

எத்தனை முடிவுகளைக் கொண்டுபோகலாம்?

சேமிப்பது 40 இருக்கலாம். கதையின் போக்கைத் திருப்புவது மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். ஆம்-இல்லை முடிவு 10 இருந்தால் 1,024 உலகங்கள், 20 இருந்தால் 10,48,576. எவராலும் எழுதித் தீராது. மாஸ் எஃபெக்ட் கையாண்ட உத்தி ஆள்மாற்றம். ரெக்ஸ் இல்லையென்றால் அதே நாற்காலியில் அவருடைய சகோதரர் ரீவ் உட்காருவார். காட்சி அதேதான், ஆனால் ரீவின் குணம் வேறு என்பதால் அவர்களுடைய இனமான க்ரோகன்களின் பிறப்பைக் குறைக்கும் நோய்க்கு மருந்து கொடுப்பதா என்ற கேள்வியின் நியாயமே மாறிவிடுகிறது. செலவு குறைவு, தாக்கம் பெரிது. உங்கள் ஊர்க் கதையிலும் முறை வைத்தவளை வரவேற்கும் கடைமடைக்காரர் உட்காரும் திண்ணையில், முறை வைக்காதவளுக்கு நிலத்தை இறால் பண்ணைக்குக் கொடுத்துவிட்ட அவருடைய மகன் உட்காரட்டும். கேட்கும் உதவி ஒன்றே, பேசும் பேச்சு வேறு.

மீதி 36 முடிவுகளுக்கு ஒரு வரி வசனம் போதும். அந்த ஒரு வரி முதல் அரை மணி நேரத்துக்குள் வரட்டும், முன்பு செய்தது பதிவாகியிருக்கிறது என்று ஆடுகிறவருக்கு அப்போதே தெரிந்துவிடும்.

வெளியிடும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

குறைந்தது ஐந்து மரபுப் பதிவுகளைக் கையால் செய்து வையுங்கள்: எல்லாம் ஆம், எல்லாம் இல்லை, எல்லாம் வெறுமை, ஒன்றுக்கொன்று முரணானது, பழைய பதிப்பு எண் கொண்டது. முரணானது என்றால் ஒருவர் இறந்தும் இருக்கிறார், வாக்கும் கொடுத்திருக்கிறார் என்பது போல. ஒவ்வொன்றையும் ஏற்றி முதல் ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். இம்போர்ட் முடிந்ததும் 'இவை உங்கள் முடிவுகள்' என்று ஒரு திரையில் பட்டியலிட்டு, அங்கேயே திருத்தும் வசதியும் கொடுங்கள். அந்தத் திரை இருந்தால் மேலே உள்ள கேள்விகளில் பாதி உங்களிடம் வராது.